ஈரம் வேறு, தேங்கிய தண்ணீர் வேறு

மும்பையில் வேகக் கார் வைத்திருப்பவர்களை ஜூன் மாதம் பிறந்ததும் அக்கம்பக்கத்தினர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனிமேல் தீபாவளி வரைக்கும் வண்டியை மூடி வைத்துவிடுவீர்கள்தானே?" கேட்பவர் கரிசனத்தோடுதான் கேட்கிறார். நானூறுக்கும் மேற்பட்ட குதிரைத்திறன், அது முழுவதும் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போய்ச் சேரும் அமைப்பு, சாதாரணக் கார்களில் காணக் கிடைக்காத அகலத்தில் டயர்கள், ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும் மழை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனாலும் செம்பூரில் குடியிருக்கும் நான் என்னுடைய பிஎம்டபிள்யூ எம்2 காம்பெட்டிஷனை மழைக்காலம் முழுவதும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படி ஓட்டுவதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆபத்து இருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் தேடுகிற இடத்தில் அது இல்லை என்பதுதான் என் அனுபவம்.

உயர்திறன் டயர்களை மழையில் ஓட்டக்கூடாது என்ற எண்ணம் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்து வந்தது. கோடைக்கென்று தயாரிக்கப்படும் இவ்வகை டயர்களின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். இறுகிய ரப்பர் சாலையின் கற்களைக் கவ்வாது. ஆகவே ஜெர்மனியிலோ கனடாவிலோ இலையுதிர்காலம் வந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டுக் குளிர்கால டயர்களை மாட்டுகிறார்கள். அவர்களுடைய நவம்பர் மழைக்கும் நம்முடைய ஜூலை மழைக்கும் தண்ணீர் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. ஜூலையில் மும்பையில் விடிய விடிய மழை அடித்தாலும் வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ரப்பர் தன்னுடைய வேலையைச் செய்வதற்கு அது போதுமான சூடு.

இந்த டயர்களின் ரப்பர் கலவையும் ஈரத்தை மனத்தில் கொண்டே உருவாக்கப்படுகிறது. ஒரு காலத்தில் டயர் ரப்பருக்கு உறுதி சேர்க்கக் கரித்தூளை மட்டுமே நம்பியிருந்தார்கள்; 1990-களின் தொடக்கத்திலிருந்து சிலிக்காவையும் பெருமளவில் கலக்கத் தொடங்கினார்கள். ஈரச் சாலையில் பிடிப்பு என்பது, ரப்பர் கற்களின் மேடுபள்ளத்துக்குள் அமுங்கி, அமுங்கிய வேகத்தில் உடனே நிமிர்ந்துவிடாமல் சற்றுத் தயங்குவதால் கிடைப்பது. அந்தத் தயக்கத்தை ஈரத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள சிலிக்கா இடம் கொடுக்கிறது. அதன் பலனைக் கிழக்கு ஃப்ரீவேயில் நன்றாக உணரலாம். செம்பூரிலிருந்து தெற்கு மும்பைக்குப் போகும் அந்தப் பாதையில் ஒரு சுரங்கம் இருக்கிறது. உள்ளே சாலை காய்ந்து கிடக்கும், வெளியே வாய் திறந்ததும் முகத்தில் அறைவது போல மழை. நல்ல நிலையிலுள்ள டயர்களோடு அந்த எல்லையைக் கடக்கும்போது, கண்ணாடியில் துடைப்பான் அசையத் தொடங்கியது ஒன்றைத் தவிர வண்டியின் நடத்தையில் வேறு எந்த மாற்றமும் தெரிவதில்லை. ஸ்டியரிங் அதே கனத்தோடு இருக்கிறது, பிரேக்கை மிதித்தால் வண்டி நேர்கோட்டில் நிற்கிறது. அதே மழையில், அதே வேகத்தில், தேய்ந்த டயரோடு பக்கத்தில் வரும் வாடகை வண்டியை விட நான் பல மீட்டர் முன்னதாகவே நின்றுவிட முடியும்.

எனக்குக் கவலை தருவது இந்தத் திறமைதான். ஈரத்தில் இவ்வளவு நன்றாகப் பிடிக்கிற டயர், ஓட்டுபவருக்குக் காய்ந்த சாலையின் வேகத்தை மழையிலும் கொடுத்துவிடுகிறது. அந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும்போது மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கிய இடம் ஒன்று வருகிறது. சாதாரண டயர் ஈரத்திலேயே முனகி, வழுக்கி, "மெதுவாகப் போ" என்று முன்கூட்டியே சொல்லியிருக்கும். இது சொல்லாது. ஈரப்பிடிப்பும் தேங்கிய நீரைக் கடக்கும் திறனும் டயரின் இரண்டு வெவ்வேறு குணங்கள். முதலாவது ரப்பரைப் பொறுத்தது, இரண்டாவது காடிகளின், அதாவது நீர் ஒதுங்கிப் போவதற்காக டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்களின், ஆழத்தையும் டயரின் அகலத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஒன்றில் முதல் மதிப்பெண் வாங்கியது இன்னொன்றிலும் வாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஐரோப்பிய டயர் முத்திரையில் ஈரப்பிடிப்புக்கென்று 'ஏ' முதல் 'இ' வரை தரம் போட்டிருப்பார்கள். அந்தத் தரத்தை அளக்கும் சோதனையில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு வேகம் குறையும் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். சாலையின் மேல் நிற்கும் நீர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. 'ஏ' தரம் வாங்கிய டயர் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் நண்பர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வது வழக்கம். முத்திரை பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கலாம். என் வண்டியின் பின்டயர் 265 மில்லிமீட்டர் அகலம். சாலையில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கிறது, வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த டயர் ஒரே நொடியில் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீரைச் சந்திக்கிறது. வீட்டில் குடிநீருக்கு வாங்கும் பெரிய கேனில் இருப்பது 20 லிட்டர். அவ்வளவு நீரையும் பக்கவாட்டில் ஒதுக்கியோ காடிகளுக்குள் வாங்கிப் பின்னால் உமிழ்ந்தோ தீர்த்தால்தான் ரப்பர் சாலையைத் தொட முடியும். பந்தயக் கார்களுக்குப் பைரெல்லி தயாரித்த கனமழை டயர் ஒன்று மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் நீரை வெளியேற்றக்கூடியது என்று அந்நிறுவனம் கூறியிருக்கிறது. அந்த டயரில் ஓடும் காடிகளைப் பார்த்த பிறகு நம் டயரைக் குனிந்து பார்த்தால், நம்முடையது எவ்வளவு வழவழப்பானது என்று புரியும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது நேரக் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 1,600 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு டயரும் சுமார் 400 கிலோவைச் சுமக்கிறது. காற்றழுத்தம் 34 பி.எஸ்.ஐ. என்றால், டயர் சாலையைத் தொடும் பரப்பு தோராயமாக 170 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையை விரல்களோடு விரித்து வைத்த அளவு. அகலமான டயர் போட்டால் இந்தப் பரப்பு பெரிதாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. ஒல்லியான டயரில் அது முன்பின்னாக நீண்டிருக்கும். என்னுடையதில் குறுக்கே அகன்று, முன்பின்னாக ஏறத்தாழ 7 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 7 சென்டிமீட்டர் கடந்துபோக ஆகும் நேரம் ஒரு நொடியின் நானூறில் ஒரு பங்கு. அதற்குள் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் பதின்மூன்று சென்டிமீட்டர் பயணம் செய்து டயரின் ஓரத்தை அடைய வேண்டும். முற்றத்தில் தேங்கிய நீரைத் துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளினால் ஒதுங்கிப் போகும், விசுக்கென்று தள்ளினால் துடைப்பமே நீரின் மேல் ஏறி வழுக்கிவிடும். டயருக்கு நேர்வதும் இதுவே.

டயர் எந்த வேகத்தில் மேலே ஏறும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்னும் அவருடைய சகாக்களும் 1960-களில், நனைந்த ஓடுபாதையில் இறங்கும் விமானங்களுக்காக ஆராய்ந்து கண்டது அது. டயரின் காற்றழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று விடை வரும். 34 பி.எஸ்.ஐ.க்கு அது 60 மைலைச் சற்றே தாண்டும். கிலோமீட்டரில் சொன்னால் 97. நீரின் ஆழம் காடிகளின் கொள்ளளவை மிஞ்சும்போது பொருந்தும் கணக்கு இது. புதிய டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடிகள் இருக்கும்போது அந்த எல்லை இன்னும் தள்ளிப்போகும், டயர் அகலமாகவும் தேய்ந்தும் இருந்தால் முன்னாலேயே வந்து நிற்கும். இருந்தாலும் அந்த 97 என்ற எண் எனக்கு மறப்பதில்லை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட, 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது கடற்பாலத்தில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயின் சமதளப் பகுதியிலும் அதே 100தான். சட்டத்துக்கு உட்பட்டு, ஒரு கிலோமீட்டர்கூட மீறாமல், ஒழுங்காக ஓட்டிக்கொண்டே டயர்கள் தரையை விட்டு எழும்பும் வேகத்தைத் தொட்டுவிடலாம்.

காற்றழுத்தத்தைப் பற்றிய ஒரு வழக்கத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மும்பைக் குழிகளில் ரிம் வளையாமல் இருக்கட்டும் என்று மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் பள்ளம் இடித்தால் ரிம் வளைவதற்கான வாய்ப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கூடவே ஹார்னின் கணக்குப்படி 34லிருந்து 30க்கு இறக்கினால் எழும்பும் வேகம் 97லிருந்து 91க்கு விழுந்துவிடுகிறது. போதாததற்கு மே மாத வெயிலில் நிரப்பிய காற்று, ஜூலையில் வெப்பம் பத்து டிகிரி இறங்கியதும், யாரும் தொடாமலே ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும்.

இனி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது. குழியில் தேங்கும் நீரும், கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்துமாதாவிலும் இடுப்பளவு நிற்கும் நீரும் கண்ணுக்குத் தெரிபவை. அங்கே இந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை, தரையோடு தரையாக இருக்கும் வண்டி இன்ஜினுக்குள் தண்ணீர் குடித்து நிற்பது தனிக் கதை. இங்கே நான் சொல்வது வேகமான, நல்ல சாலைகளில் கண்ணுக்குப் படாமல் விரிந்து கிடக்கும் மெல்லிய நீர்ப்பரப்பு. சாலை போடுபவர்கள் நீர் வடிவதற்காகக் குறுக்குவாட்டில் சிறு சரிவு கொடுத்திருப்பார்கள். வளைவு வரும்போது உட்பக்கத்தைத் தாழ்த்தி வெளிப்பக்கத்தை உயர்த்துவார்கள். ஆக, ஒரு சரிவு இன்னொரு சரிவாக மாறுகிற இடத்தில், சில மீட்டர் தூரத்துக்குச் சாலை குறுக்கே எந்தப் பக்கமும் சரியாமல் தட்டையாகக் கிடந்தே தீர வேண்டும். தண்ணீர் அங்கேதான் போக வழியில்லாமல் நிற்கிறது. நேர்ச்சாலை முடிந்து வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் அந்த இடம் அமைகிறது. ஓட்டுபவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் அதே இடம். கண்டாலா மலைப்பாதையில் வலம் இடமாக வளைவுகள் அடுத்தடுத்து வரும்போது இந்தத் தட்டை இடங்களும் அடுத்தடுத்து வரும். அங்கே கார்களுக்கு 60 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருப்பதைச் சிலர் கேலி செய்கிறார்கள். கனமழையில் அந்த வரம்பை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

தார்ச்சாலைகளில் லாரிச் சக்கரங்கள் அழுத்தி அழுத்தி உண்டாக்கிய இரட்டைத் தடங்கள் வேறு இருக்கின்றன. மழையில் அவை இரண்டு நீண்ட வாய்க்கால்கள். வண்டியை ஓரடி பக்கவாட்டில் நகர்த்தி, தடங்களுக்கு இடையிலுள்ள மேட்டில் சக்கரம் ஓடும்படி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மேம்பாலங்களில் வடிகுழாய் வாயைப் பிளாஸ்டிக் உறை அடைத்துக்கொண்டால் தடுப்புச் சுவரோரம் நீர் கட்டி நிற்கும். வலப்பக்கச் சக்கரங்கள் மட்டும் அதில் இறங்கினால் வண்டி வலப்பக்கமாக இழுக்கும். பாலத்து இரும்பு இணைப்புகள், வெள்ளைக் கோடுகள், மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் எல்லாம் வழுக்கும்தான். ஆனால் நொடிக்குள் கடந்துவிடுவதால் வண்டியின் மின்னணுக் காவலர்கள் அவற்றை எளிதாகச் சமாளித்துவிடுகிறார்கள்.

அந்தக் காவலர்களைப் பற்றி ஒரு மயக்கம் இருக்கிறது. வண்டி பக்கவாட்டில் திரும்பத் தொடங்கினால் எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் நேராகும் என்று கணக்கிட்டு, அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும் கருவி 1995-இல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. இன்று எல்லா வேகக் கார்களிலும் இருக்கிறது. ஈரச் சாலையில் ஆக்ஸிலரேட்டரைத் தாறுமாறாக மிதித்தாலும் அது காப்பாற்றிவிடுகிறது. 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 2,350 சுழற்சியிலேயே முழுவதும் வந்துவிடுகிற இந்த வண்டியில், இரண்டாம் கியரில், டர்போ அழுத்தம் எழும்பும் கணத்தில் பின்பக்கம் லேசாக விலகுவதும் உடனே ஏதோ ஒரு கை பிடித்து நிறுத்துவதும் மழைநாளில் சகஜம். ஆனால் அந்தக் கை பிடிப்பதற்குச் சாலையில் உராய்வு வேண்டும். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு ஒன்றை ஒட்டியும், ஈரத்தில் 0.5 முதல் 0.7 வரையிலும் இருக்கும். நீரின் மேல் எழும்பிய டயருக்கு அது 0.1க்கும் கீழே. நான்கு சக்கரங்களும் தண்ணீரின் மேல் நிற்கும்போது எந்தச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்தாலும் அதற்கு அர்த்தமில்லை. 450 குதிரைத்திறனோ 200 குதிரைத்திறனோ, அந்த அரை நொடியில் எல்லா வண்டியும் சமம். போர்ஷே நிறுவனம் தன் 992 தலைமுறை 911 கார்களில் முன்சக்கரங்களுக்குப் பின்னால் ஒலியுணரிகளை வைத்து, டயர் வாரியடிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டு, "மழைக்கான முறைக்கு மாறிக்கொள்" என்று ஓட்டுநருக்குச் சொல்லும்படி செய்திருக்கிறது. நல்ல பொறியியல், அதுவும் எச்சரிக்கத்தான் முடியும், நீரை விலக்க முடியாது.

அந்த உணரி செய்வதை நம் காதும் செய்யும், பாட்டை அணைத்துவைத்தால். ஈரச் சாலையில் ஓடும் டயர் சீராகச் சீறிக்கொண்டே வரும். நீர் ஆழமாகும்போது அந்தச் சீறல் அடங்கி, சக்கரக் கூண்டுக்குள் மணலைக் கொட்டினாற்போன்ற ஓர் இரைச்சல் எழும். அடுத்து ஸ்டியரிங் இலேசாகும். இன்றைய மின்சார ஸ்டியரிங்குகள் இந்த இலேசைப் பாதி மறைத்துவிடுகின்றன என்பது என் குறை. பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் விரல்நுனிக்கு அது முன்னதாகவே எட்டிவிடும். அதற்குப் பிறகு இன்ஜின் சுழற்சி காரணமில்லாமல் இருநூறு, முந்நூறு ஏறினால் பின்டயர்களும் எழும்பிவிட்டன என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது மிகக் குறைவு. பிரேக்கைத் தொடக்கூடாது. ஸ்டியரிங்கை நேராகவே பிடித்திருக்க வேண்டும். திருப்பி வைத்திருந்தால் டயர் மீண்டும் தரையைக் கவ்வும் கணத்தில் வண்டி திருப்பிய பக்கமே பாயும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், ஆனால் வெடுக்கென்று எடுக்கக்கூடாது. பின்சக்கர விசை வண்டியில் இன்ஜின் திடீரென்று இழுத்துப்பிடிப்பதும் ஒரு பிரேக்தான். வேகத்தைத் தானாகவே ஒரே சீராகப் பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை மழையில் போடவே கூடாது.

மாட்டுங்காவில் இருக்கும் என் சித்தப்பா, பல ஆண்டுகள் பிரீமியர் பத்மினி ஓட்டியவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க பத்மினி ஒரு மழையிலயும் மிதந்ததில்லைடா" என்றார். உண்மைதான். ஐந்தேகால் அங்குல அகலத்தில் ஒல்லிக் குச்சி டயர், அறுபதைத் தாண்டினால் நடுங்கும் உடம்பு. மிதப்பதற்கு அதற்கு வாய்ப்பே இருந்திருக்காது. பிரேக் பிடித்தால் நின்றதா என்று கேட்டேன். "அது வேற விஷயம்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மழைக்காலத்துக்கு முன்னால் டயரைச் சோதிப்பது என்றால் நான் நம்புவது சயான் பக்கம் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை. அண்ணாச்சி என்றுதான் அந்த வட்டாரமே அவரைக் கூப்பிடுகிறது. சென்ற முறை வண்டியை லிப்டில் ஏற்றியதும் அவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்டயரின் உட்பக்கமாகக் கையை விட்டு, உள்விளிம்பு நெடுக உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார்.

"சார், வெளியே பாத்தா பட்டன் ஜோராத்தான் இருக்கு. உள்ளே கையை விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தேன். வெளி விளிம்பில் அளவுகோல் ஐந்து மில்லிமீட்டர் காட்டிய அதே டயர், உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று, காடியின் அடித்தளத்தில் இருக்கும் தேய்மானக் கட்டைகளோடு சமமாகக் கிடந்தது. வளைவுகளில் டயர் முழுவதும் தரையில் படியட்டும் என்று இவ்வகை வண்டிகளில் சக்கரங்களின் மேற்பகுதியை உட்பக்கமாகச் சாய்த்தே அமைத்திருப்பார்கள். நகரத்தில் நேராகவே ஓடும்போது அந்தச் சாய்வு உள்விளிம்பை மட்டும் தின்றுகொண்டிருக்கும். நின்றுகொண்டு பார்க்கும் எவருக்கும் அது தெரியாது. தண்ணீரோ அகலம் முழுவதையும் சந்திக்கிறது; உட்பக்கம் ஒதுங்க வழியில்லாத நீர் அங்கே தங்கி டயரைத் தூக்கத் தொடங்குகிறது. சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். அது சாதாரண ஈரத்துக்கும் சாதாரண வேகத்துக்கும் போதுமோ என்னவோ, 265 அகல டயருக்கும் மும்பை ஜூலைக்கும் போதாது. உள்விளிம்பில் நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரை நான் மழையில் ஓட்டுவதில்லை.

அண்ணாச்சி அடுத்துப் பார்த்தது தேதி. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. வேகக் கார்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. ஆகவே காடி ஆழமாக இருக்கும்போதே ரப்பர் வயதாகி இறுகிவிடுகிறது. பழைய வண்டி வாங்குபவர்கள் "டயர் தேயவே இல்லை" என்று மகிழ்வதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கும். இறுகிய ரப்பர் ஈரப்பிடிப்பையும் இழந்து, அதாவது இந்த டயர்களின் ஒரே மழைப் பலத்தையும் இழந்து, அகலத்தின் பலவீனத்தை மட்டும் வைத்திருக்கிறது. பழைய டயரோடு வண்டிகள் ஓடுவதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜூனில் புதிய டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு உரிமம் பெற்றுத்தான் இறக்க முடியும். உள்நாட்டில் தயாராகாத அளவுகளுக்கு, குறிப்பாக 20, 21 அங்குல ரிம்களுக்கு, மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கிடைக்காதபோது இருப்பதையே இன்னொரு மழைக்கு ஓட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு.

நண்பர் ஒருவர் பந்தயத் தளத்துக்கென்றே வடிவமைத்த மிஷெலின் கப் 2 டயர்களைத் தன் வண்டியில் வைத்திருக்கிறார். அது சாலைக்கும் அனுமதிக்கப்பட்ட டயர்தான். காய்ந்த சாலையில் அதற்கு நிகரில்லை. நம்மூர் வெப்பத்தில், மெல்லிய ஈரத்தில்கூட அது கைவிடுவதில்லை. ஆனால் அதன் வெளிப்பாதி ஏறத்தாழ மொட்டையாகவே இருக்கும், காடிகளும் தொடக்கத்திலேயே ஆழம் குறைவு. அதை மழைக்காலத்தில் தாராளமாக ஓட்டலாம் என்று அவர் வாதிடுவார். நகருக்குள் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அடல் சேதுவில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னால் மறுத்துவிடுவேன், மறுத்தும் இருக்கிறேன்.

என்னுடைய ஏற்பாடு இப்போது இப்படி இருக்கிறது. ரிம்கள் இரண்டு செட். முழு ஆழமுள்ள, இரண்டு ஆண்டுக்கு மேல் பழசாகாத டயர்கள் மே மாதக் கடைசியில் வண்டிக்கு வருகின்றன. அக்டோபரில் மழை விடைபெற்றதும் அவற்றைக் கழற்றிவிட்டு, பாதி தேய்ந்த செட்டை மாட்டி, அடுத்த மே வரைக்கும் காய்ந்த சாலையில் தேய்த்து முடிக்கிறேன். மூன்று, நான்கு மில்லிமீட்டர் காடி காய்ந்த சாலைக்குத் தாராளம்; சொல்லப்போனால் பிடிப்பு சற்றுக் கூடவே இருக்கும். கழற்றிய செட் கறுப்பு உறைக்குள் பால்கனியில், வெயில் படாத மூலையில் அடுக்கப்படுகிறது. வீட்டில் அதற்கு எதிர்ப்பு உண்டு. டயர் மாற்றும் நாளில் அலைன்மென்டும் பார்த்து, பின்சக்கரச் சாய்வை நிறுவனம் அனுமதிக்கும் வரம்புக்குள் எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தித் தரச் சொல்லியிருக்கிறேன். வளைவில் கொஞ்சம் கூர்மை குறையும், உள்விளிம்பு ஒரு மழைக்காலமாவது கூடுதலாக நிற்கும் என்று அண்ணாச்சி கணக்குச் சொல்கிறார்.